சைலர் மூன் கிரிஸ்டல் முதல் எபிசோட்: இதுக்கா ரெண்டு வருஷம் காத்திருந்தாங்க?

அரைநிலவு (இழையைத் தொடங்கியவர்)

போன தீபாவளி லீவுல ஆரம்பிச்சது. 1992-ல ஆரம்பிச்ச பழைய ஜப்பானிய அனிமே (கார்ட்டூன் தொடர்) சைலர் மூன், 200 எபிசோடையும் ஒருவழியா போன வாரம் முடிச்சேன். முடிஞ்ச சோகத்துல ரெண்டு நாள் வேற எதுவும் பாக்கப் பிடிக்கல. அப்புறம்தான் "அட, அதே கதையைப் புதுசா எடுத்த கிரிஸ்டல் இருக்கே"ன்னு ஞாபகம் வந்து, நேத்து ராத்திரி சாப்பாட்டுத் தட்டோட உக்காந்து முதல் எபிசோடைப் போட்டேன்.

தட்டு காலியாகறதுக்குள்ள ஆர்வம் காலியாயிடுச்சு.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். ஓப்பனிங் பாட்டு, மோமோய்ரோ க்ளோவர் இசட் பாடின 'மூன் ப்ரைட்', செம. ஆம்பளை வந்து காப்பாத்தணும்னு கையைப் பிசைஞ்சுட்டு நிக்கற பொண்ணுங்க இல்ல நாங்கன்னு நெஞ்சை நிமித்திப் பாடுது. அந்த ஒண்ணரை நிமிஷம் பாத்துட்டு நிமிந்து உக்காந்தேன். அதுக்கப்புறம் கதை வந்துது.

கதை அதேதான். எட்டாம் வகுப்பு உசாகி (இவதான் சைலர் மூன்) லேட்டா எழுந்து ஓடறா, வழியில நெத்தியில பிளாஸ்திரி ஒட்டின கறுப்புப் பூனை, இங்கிலீஷ் பரீட்சையில 30 மார்க், தோழி நாருவோட அம்மா நடத்தற நகைக்கடை, அங்கே அம்மா வேஷத்துல உக்காந்திருக்கற பேய். ராத்திரி அந்தப் பூனை லூனா வந்து ப்ரோச்சைக் குடுக்க, உசாகி உருமாறி, அழுது, தலையில இருக்கற கிரீடத்தைக் கழட்டி எறிஞ்சு ஜெயிக்கறா. 1992-ல வந்த முதல் எபிசோடும் கிட்டத்தட்ட இதேதான். அப்புறம் ஏன் அது எனக்கு நேத்து பாத்த மாதிரி ஞாபகம் இருக்கு, இது இன்னிக்குக் காலையிலயே மறந்துபோச்சு?

அந்த அழற சீனை மட்டும் ரெண்டுலயும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன். பழசுல உசாகி அழும்போது முகத்துல பாதி வாய்தான். கண்ணீர் ரெண்டு பக்கமும் குழாய் உடைஞ்ச மாதிரி கொட்டும். பயம், அசிங்கம், அவமானம் எல்லாம் கலந்த அழுகை. கடைக்காரி தள்ளிவிட்ட குழந்தை நடுத்தெருவுல உக்காந்து அழுமே, அந்த மாதிரி. அந்தச் சத்தமே ஆயுதமாயி எதிரிங்க காதைப் பொத்திக்கும்போது சிரிப்பு தானா வரும். கிரிஸ்டல்லயும் அழறா, அதே சத்தம் அதே வேலையைச் செய்யுது. ஆனா அழும்போதும் அழகா இருக்கா. உதட்டுல பளபளப்பு கலையல, முடி கலையல. அவளைப் பாத்து எனக்குப் பாவமும் வரல, சிரிப்பும் வரல.

இத்தனைக்கும் இது 20-ஆவது ஆண்டுவிழாத் திட்டம். 2012 ஜூலையில அறிவிச்சாங்க, 2013 கோடையில வரும்னாங்க, வரல. கடைசியில 2014 ஜூலை 5 அன்னிக்குத்தான் வந்துது. அன்னிக்கு லைவா பாத்தவங்க யாராவது இங்க இருக்கீங்களா? உங்களுக்கு எப்படி இருந்துது? நான்தான் பழைய போதையில இருக்கேனா?

---

புதுமுகம்07

ஐயையோ, நான் இதைத்தான் முதல்ல பாத்தேன், எனக்குப் பிடிச்சிருந்துதே 😅 பழசு 200 எபிசோட்னு பாத்ததும் பயந்து ஓடிட்டேன். கலர் நல்லா இருக்கு, சீக்கிரம் கதைக்குள்ள போகுது. வேற என்ன வேணும்?

---

மங்காவெறியன்

வந்துட்டாங்கப்பா. பழைய தொடரைப் பாத்துட்டு கிரிஸ்டலுக்கு வர்ற எல்லாரும் இதே ஒப்பாரிதான், பத்து வருஷமா கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு.

ஒரு அடிப்படை விஷயம். கிரிஸ்டல் பழைய அனிமேவோட ரீமேக் இல்ல. நவோகோ தகேயுச்சி 'நகயோஷி' இதழ்ல எழுதின மங்காவை (மூல காமிக்ஸை) அப்படியே எடுக்கறதுதான் திட்டம். எபிசோடுக்கு 'ஆக்ட்'னு பேர் வெச்சதே அதுக்குத்தான். மங்காவுல முதல் கதைக்கு 14 அத்தியாயம், கிரிஸ்டல்ல 14 எபிசோட். பழசுல அதே கதைக்கு 46! உசாகியோட சேந்து சண்டை போடற ஆமி வர்றதுக்கு எட்டாவது எபிசோட் வரைக்கும் காத்திருக்கணும், மகோதோ 25, மினாகோ 33. நடுவுல என்ன? வாரம் ஒரு பேய், வாரம் ஒரு கடை திறப்பு விழா, வாரம் ஒரு ஏமாத்து வேலை. அதை நீங்க ரசிச்சீங்க, சரி. எங்களுக்கு அது 'ஃபில்லர்', சும்மா இடத்தை நிரப்பறது. இருபது வருஷம் மங்காவை மங்காவா பாக்கணும்னு கேட்டுட்டு இருந்த ஒரு கூட்டம் இருக்கு. இது அவங்களுக்காக எடுத்தது.

அழும்போது அழகா இருக்கான்னு ஒரு குறையா? தகேயுச்சி வரைஞ்ச உசாகி அழும்போதும் அழகாத்தான் இருப்பா.

---

பேனாக்கத்தி

எல்லாம் சரி ப்ரோ, அந்த ஹீரோ மாமோரு பட்டப்பகல்ல, கொளுத்தற வெயில்ல, கோட்டு சூட்டு கூலிங்கிளாஸ் போட்டுட்டு நகைக்கடை வாசல்ல நிக்கறாரே, அதுவும் மங்காதானா? பாக்க ரிசப்ஷன் மண்டபம் எங்கன்னு வழி கேக்க வந்த மாப்பிள்ளை மாதிரி இருந்தார். உசாகி கசக்கி எறிஞ்ச பரீட்சைப் பேப்பர் அவர் தலையில விழுந்ததுக்கு பதிலா மொய் கவர் விழுந்திருக்கலாம்.

---

மங்காவெறியன்

@பேனாக்கத்தி ஆமா, அதுவும் மங்காதான். 🙄 பச்சைக் கோட்டு போட்டது பழைய அனிமே. ரோஜாப்பூ எறியறதை வாராவாரச் சடங்கா ஆக்கினதும் அதுதான்.

---

அரைநிலவு

@மங்காவெறியன் கோவிச்சுக்காதீங்க, நான் மங்காவையும் படிச்சிருக்கேன். மங்கா முதல் அத்தியாயத்துலயே உசாகி சரியான வாலு. பக்கத்துக்குப் பக்கம் முகம் கோணும், ஓரத்துல கையெழுத்துல சின்னச்சின்னப் புலம்பல் ஓடும், ஒரு பேனல்ல இளவரசி, அடுத்த பேனல்ல குரங்கு. அந்த ஓரத்துப் புலம்பலெல்லாம் கிரிஸ்டல்ல எங்க போச்சு? மங்காவை அப்படியே எடுத்தோம்னு சொல்லிட்டு, அதுல இருந்த குறும்பைப் பாதி வடிகட்டிட்டாங்க. உப்பை மட்டும் எடுத்துட்டு சாம்பாரை அப்படியே பரிமாறின மாதிரி.

---

மங்காவெறியன்

சின்ன பொம்மை முகம் கிரிஸ்டல்லயும் வருது. திரும்பப் பாருங்க.

---

அரைநிலவு

பாத்தேன், வருது. வந்து, ஸ்டிக்கர் மாதிரி ஒட்டிக்கிட்டு நின்னு, போயிடுது. நான் கேக்கறது முகம் இல்ல, டைமிங்.

---

சட்டகம்24

ரொம்ப நாள் கழிச்சு உள்ளே வருகிறேன். நான் சென்னையில் 2டி அனிமேஷன் வேலையில் 14 வருஷமாக இருக்கிறவன். ஜப்பான் கம்பெனியில் வேலை பார்த்ததில்லை, ஆனால் வேலை முறை தெரியும் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். மன்னிக்கவும்.

கிரிஸ்டல் முதல் சீசனில் எல்லோரும் முதலில் சொல்லும் குறை 'முகம் கோணலாக இருக்கு'. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கேலி செய்யாத ஆளே இல்லை. காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. டிவி அனிமேயில் ஒரு எபிசோடை ஒருவர் வரைவதில்லை. பத்துப் பதினைந்து பேர் ஆளுக்குக் கொஞ்சம் ஷாட்டாகப் பிரித்துக் கீ டிராயிங், அதாவது அசைவின் முக்கியப் படங்கள், போடுவார்கள். ஒவ்வொருவர் கையிலும் உசாகி வேறு வேறு பொண்ணாகத்தான் வருவாள். அவற்றையெல்லாம் ஒரே பொண்ணாக்குவது அனிமேஷன் டைரக்டர் வேலை. அந்த டிராயிங் மேல் ஒரு மஞ்சள் தாளை வைத்து, கண் இங்கே, தாடை இங்கே என்று திருத்திப் போடுவார். நேரம் இருந்தால் எல்லா ஷாட்டுக்கும் மஞ்சள் தாள் விழும். நேரம் இல்லையென்றால் நெருக்கத்தில் வரும் முகங்களுக்கு மட்டும் விழும், தூரத்து ஷாட் அப்படியே போய்விடும்.

இதில் யுகியே சாகோ போட்ட கேரக்டர் டிசைன் ஒரு சிக்கல். மங்காவுக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்று ஒல்லியான நீளக் கை கால், பெரிய கண், ஊசிமுனை மூக்கு, உதட்டுக்குத் தனிக் கலர். தகேயுச்சியின் கோடு மிக மெல்லியது. பாதி அழகு அவர் வரையாமல் விட்ட வெள்ளைத் தாளில் இருக்கிறது, மீதி பூவும் ஸ்கிரீன்டோனும் (ஒட்டும் புள்ளி நிழல்). அது அசையாத படத்துக்கான டிசைன். அப்படிப்பட்ட முகத்தில் கண் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஊருக்கே தெரியும். 1992 தொடருக்கு காஸுகோ தடானோ செய்த டிசைனைப் பாருங்கள். உருண்டைக் கன்னம், கனமான கண் இமை. எவ்வளவு இழுத்தாலும் பிசைந்தாலும் உசாகி உசாகியாகவே இருப்பாள். வாய் முகத்தில் பாதி ஆனாலும் தாங்கும். அரைநிலவு சொல்லும் அந்த அழுகையை கிரிஸ்டல் டிசைனில் வரைந்தால் முகமே கழன்று விழுந்துவிடும். அதனால்தான் அழகாக அழ வைத்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது உருமாற்றம். மேஜிக்கல் கேர்ள் தொடரில், அதாவது மாய சக்தியால் உருமாறும் பொண்ணுங்க கதையில், அதைத் தொழிலில் 'பேங்க்' என்போம். ஒரு தடவை வரைந்து சேமிப்பில் போட்டுவிட்டு வாராவாரம் எடுத்துச் செலவு செய்வது. வாராவாரம் அரை நிமிஷத்துக்கு மேல் வேலை மிச்சம். அப்படி மிச்சமாகும் என்பதால்தான் கையில் இருக்கும் நல்ல ஆட்களை அந்த ஒரு துண்டில் இறக்குவார்கள். பழைய உருமாற்றத்தில் நகத்தில் கலர் ஏறுவதைப் பாருங்கள், ரிப்பன் உடம்பைச் சுற்றி இறுகும்போது அவள் சுழன்று நிற்பதைப் பாருங்கள். கடைசியில் பின்னால் பிறைநிலாவோடு நிற்கும்போது சடை ஒரு நொடி தாமதமாக வந்து சேரும். எடை இருக்கிறது அதில். கிரிஸ்டலில் அதை 3டி சிஜி-யில் (கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸில்) செய்தார்கள். ஓடும் கதை கோட்டோவியம், உருமாறும்போது மட்டும் கடை ஜன்னல் பொம்மை. கண்ணுக்கு அந்தத் தாவல் உறுத்துகிறது. தொடரின் கிரீடமாக இருக்க வேண்டிய அரை நிமிஷமே அந்நியமாகிவிட்டது.

இதற்கு மங்காவைக் குறை சொல்ல முடியாது, மங்காவெறியன். மங்காவில் உருமாற்றம் சில பேனல்களிலேயே முடிந்துவிடும். 'உருமாற்றம்' என்று நாம் நினைப்பதே அனிமே கண்டுபிடித்த நேரம்.

---

மங்காவெறியன்

சிஜி விஷயத்துல வாயைத் திறக்க மாட்டேன். அது எனக்கும் கடுப்புதான்.

---

ஸ்காபரோ_பிள்ளை

வணக்கம் எல்லாருக்கும். அரைநிலவு தங்கச்சி, லைவ்வா பாத்தவையில நானும் ஒராள்.

முதல் என்ர கதை. 1995 ஓகஸ்ட் கடைசியில இஞ்ச கனடாவில வைரீவி (YTV) சனலில சைலர் மூன் தொடங்கினது. எனக்கு அப்ப ஒன்பது வயசு, வந்து ஒரு வருசம்தான். அம்மாவும் அப்பாவும் வேலையால வர இருட்டிப் போயிடும். பள்ளிக்கூடத்தால வந்து, திறப்பால கதவைத் திறந்து, தம்பிக்குப் பாணும் ஜாமும் குடுத்துப்போட்டு ரீவீக்கு முன்னால இருந்தால் அதுதான் எங்கட நேரம். உசாகி எண்ட பேரே எங்களுக்குத் தெரியாது, அவ செரீனா. லூனா ஒரு இங்கிலீஸ் ஆச்சி மாதிரிக் கதைக்கும். அந்த டப்பிங் எங்கட ரொறன்ரோவிலதான் செய்தவை எண்டு கனகாலத்துக்குப் பிறகுதான் அறிஞ்சன், ஏதோ எங்கட ஊர்ப் பிள்ளை எண்ட மாதிரி ஒரு பெருமை வந்தது. வெட்டிக் கொத்தித்தான் போட்டவை, ஆனாலும் நான் இங்கிலீஸ் பிடிச்சதே செரீனாவின்ர புலம்பல்லதான். வகுப்பில சோதனையில கோட்டை விட்டிட்டு வீட்டை போக அவ பயப்பிடுறதைப் பாத்து, "இவளும் என்னை மாதிரித்தான்" எண்டு நினைச்சனான்.

இப்ப 2014. ஜப்பானில சனிக்கிழமை பின்னேரம் ஏழு மணி, எங்களுக்கு விடியக்காலமை ஆறு மணி. தம்பியையும் எழுப்பிப்போட்டன். அவன் அப்ப வேலைக்குப் போற பெடியன், வயசு இருபத்தைஞ்சு, போர்வையோட வந்து சோபாவில இருந்தான். பாட்டு முடிய ரெண்டு பேருக்கும் கண் கலங்கிப் போச்சு. பிறகு உசாகி வாயைத் திறந்தா. பழைய தொடரில உசாகிக்குக் குரல் குடுத்த கோதோனோ மிட்சுயிஷி! மற்றப் பிள்ளையளுக்கெல்லாம் புதுக் குரல், அவ மட்டும் பழைய ஆள். அந்தக் குரலைக் கேட்டு நான் உறைஞ்சு போனன்.

பத்து நிமிசத்தில தம்பி நித்திரை. 😂 நான் எழுப்பேல்ல.

---

பேனாக்கத்தி

இந்த இழையோட விருது தம்பிக்கே.

---

அரைநிலவு

அக்கா, ஆறு மணிக்கு எழுப்பி உக்கார வெச்சும் தூங்கினார்னா, நான் நேத்து சொன்னதை எல்லாம் அவர் 2014-லயே ஒரு வார்த்தை பேசாம சொல்லிட்டார்.

மிட்சுயிஷி பத்தி நீங்க சொன்னது சரி. எனக்கும் அந்த எபிசோட்ல உயிரோட இருந்தது அந்தக் குரல் மட்டும்தான். அப்போ அவங்களுக்கு வயசு 46. பதினாலு வயசுப் பொண்ணுக்கு அதே கீச்சுக்குரல், அதே இழுவை. ஆனா குரல் ஓடுது, படம் பின்னாடி நடந்து வருது. குரல் தடுக்கி விழுந்து எழுந்து மூச்சு வாங்கும்போது, திரையில வாய் மட்டும் அசையுது.

---

சட்டகம்24

அரைநிலவு, நீங்கள் கேட்ட 'டைமிங்'குக்கு இதுதான் பதில். மங்காவில் டைமிங் வாசகர் கையில். இளவரசிப் பேனலில் ரெண்டு நொடி நின்றுவிட்டு, குரங்குப் பேனலுக்குக் கண் தாவும் வேகத்தை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். படம் எடுப்பவர் அந்த வேகத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய தொடரின் இயக்குநர் ஜுனிச்சி சாதோ 92-இல் அதைச் செய்தார். ஒரு அசடு வழியும் முகத்தை ஒரு மூச்சு அதிகம் நிறுத்துவார், ஓட்டத்தை ஒரு மூச்சு முன்னாலேயே வெட்டுவார். கிரிஸ்டலில் ஒவ்வொரு பேனலுக்கும் சம அளவு நேரம் பிரித்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது, ரேஷன் கடை வரிசை போல.

ஒரு சுவாரசியம். கிரிஸ்டல் முதல் 26 எபிசோடுக்கு இயக்குநர் முனெஹிசா சகாய். அவருக்கு நகைச்சுவை வராது என்று நினைத்தால் தப்பு. நாலு வருஷம் கழித்து 2018-இல் 'ஸாம்பி லேண்ட் சாகா' எடுத்தது அவர்தான். முதல் எபிசோடில் கதாநாயகி வீட்டை விட்டு உற்சாகமாக வெளியே வந்த உடனே லாரி அடித்துத் தூக்கி எறிந்துவிடும். அந்த ஒரு வெட்டில் இருக்கும் டைமிங் கிரிஸ்டலில் எங்குமே இல்லை. ஆக, அவருக்குக் கை வராமல் போகவில்லை. கையைக் கட்டிப்போட்டது 'பக்கத்துக்குப் பக்கம் அப்படியே' என்ற தீர்மானம்தான் என்று நினைக்கிறேன்.

---

புதுமுகம்07

ஐயோ அது அவரா?! அந்த லாரி சீனைப் பாத்து நான் டீயைத் துப்பிட்டேன். இப்ப எனக்கும் கிரிஸ்டல் மேல லேசா கடுப்பு வருது 😭

---

மங்காவெறியன்

சரி, நான் ஒண்ணு கேக்கறேன். 'பழசுல உயிர் இருந்துது'ன்னு சொல்றீங்களே, பழசுல எத்தனை எபிசோட்ல முகம் கோணல்? அனிமேஷன் டைரக்டர் மாறினா முகமே மாறும். இகுகோ இதோ கை வெச்ச வாரம் சிலை மாதிரி இருப்பா, அடுத்த வாரம் பரங்கிக்காய் மாதிரி இருப்பா. ஏன், குரலே மாறியிருக்கு! முதல் சீசன் கடைசியில மிட்சுயிஷிக்கு உடம்பு சரியில்லாம 44-லேர்ந்து 50 வரைக்கும் கயே அராகிதான் உசாகிக்குப் பேசினாங்க. அவங்கதான் பின்னாடி வர்ற சிபியுசாங்கற கதாபாத்திரத்துக்கும் குரல். உச்சக்கட்ட எபிசோட்லயே வேற குரல். யாராவது இதுக்கு இழை தொடங்கிப் புலம்பினாங்களா? பழசுன்னா பாசம், புதுசுன்னா பூதக்கண்ணாடி.

---

ஸ்காபரோ_பிள்ளை

மங்காவெறியன் தம்பி சொல்லுறதிலையும் நியாயம் இருக்கு. ஆனா ஒரு வித்தியாசம் பாருங்கோ. பழசு வாரத்துக்கு ஒண்டு, அஞ்சு வருசம். ஒரு கிழமை பரங்கிக்காய் எண்டால் அடுத்த கிழமை சரிவரும் எண்டு பொறுக்கலாம். கிரிஸ்டல் மாசத்தில முதலாம் மூண்டாம் சனிக்கிழமை மட்டும்தான் வந்தது. ரெண்டு கிழமை காத்திருந்து பரங்கிக்காய் வந்தால் ஆருக்குக் கோவம் வராது?

மற்றது, அந்த நேரத்தையும் யோசியுங்கோ. அதே 2014 மே மாசம்தான் அமெரிக்காவில பழைய தொடரை வெட்டாமல் கொத்தாமல் திரும்ப விடத் தொடங்கினவை. சனம் ஒரு கையில பழசு, மற்றக் கையில புதுசு வைச்சுக்கொண்டு பாத்தது. ஒப்பிடாதை எண்டு சொன்னால் ஆர் கேப்பினம்?

---

பேனாக்கத்தி

இன்னொண்ணும் இருக்கு. கிரிஸ்டலை எடுத்த டோயெய் ஸ்டூடியோதான் 2004-லேர்ந்து வருஷா வருஷம் ப்ரீக்யூர்ங்கற இன்னொரு மேஜிக்கல் கேர்ள் தொடரையும் எடுக்கறாங்க. முதல் ப்ரீக்யூருக்கு டைரக்டர் டிராகன் பால்லேர்ந்து வந்தவரு. அதனால பாவாடை போட்ட பொண்ணுங்க சுவரை உடைச்சுட்டுப் போற மாதிரி குத்துவாங்க. அதைப் பத்து வருஷம் பாத்த கண்ணுக்கு, உசாகி கிரீடத்தை எறிஞ்சதும் பேய் மணலா உதிர்றது கொஞ்சம் சப்புன்னுதான் இருக்கும். வீட்டுலயே மூத்த மருமக வந்த அன்னிக்கு இளைய மருமக சமையல் நல்லா இருக்குன்னு தெரிஞ்சுபோன கதை.

---

மட்டுறுத்துநர்

மருமகள் உவமையைத் தனி இழைக்கு எடுத்துச் செல்லவும். 🙂 கிரிஸ்டல் 15-ஆம் எபிசோடுக்குப் பிந்தைய கதையைச் சொல்பவர்கள் எச்சரிக்கை போட்டுவிட்டு எழுதவும். இழை தொடங்கியவர் இன்னும் முதல் எபிசோடில்தான் நிற்கிறார்.

---

அரைநிலவு

நன்றி மட்டுறுத்துநரே. கதை தெரியும், மங்கா படிச்சதுதான். ஆனா புதுமுகத்துக்காக எச்சரிக்கை இருக்கட்டும்.

@மங்காவெறியன் உங்க பரங்கிக்காய் வாதத்தை ராத்திரி பூரா யோசிச்சேன். ஒத்துக்கறேன், முகம் கோணினது பிரச்சினை இல்ல. முதல் எபிசோட்ல முகம் ஓரளவுக்கு நல்லாவேதான் இருக்கு. என் ஏமாற்றம் வேற இடத்துல இருந்து வருது, நேத்து எழுதும்போது எனக்கே பிடிபடல.

பழைய முதல் எபிசோட்ல நாருவுக்கு நேரம் இருந்துது. அம்மா வேஷத்துல இருக்கறது அம்மா இல்லன்னு அவளுக்குத் தெரியற அந்த இருட்டு ரூம்ல நானும் மாட்டிக்கிட்டேன். அதனால உசாகி ஓடிவர்றது நாருவுக்காகன்னு எனக்குத் தோணுச்சு. போர் பத்தியோ இளவரசி பத்தியோ அவளுக்கு ஒண்ணும் தெரியாது, தோழி அழறான்னு ஓடிவர்றா, வந்து பயந்து அவளும் அழறா. ஃபில்லர்னு நீங்க சொன்ன 46 எபிசோட்ல பாதி இந்த வேலையைத்தான் செஞ்சுது. நாருவுக்குன்னு ஒரு காதல், ஒரு சாவு, ஒரு துக்கம் எல்லாம் குடுத்துது. (24-ஆவது எபிசோட், தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். நான் ஒரு வாரம் அதுலேர்ந்து வெளிய வரல.) கிரிஸ்டல் முதல் எபிசோட்ல நாருவைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, இவளை இங்க யாரும் கண்டுக்கப்போறதில்லன்னு. நிலா ராஜ்ஜியத்துக்குப் போற அவசரத்துல பக்கத்து வீட்டுப் பொண்ணை விட்டுட்டாங்க.

---

மங்காவெறியன்

மங்காவுலயும் நாருவுக்கு வேலை கிடையாது. நெஃப்ரைட்ங்கற வில்லனோட அவ காதல் கதையே அனிமே சேர்த்தது.

ஆனா... சரி. அந்த 24-ஆவது எபிசோடை நானும் பாத்திருக்கேன். அதுக்கு மேல சொல்ல விரும்பல.

---

பேனாக்கத்தி

அழுதிருக்கீங்க. ஒத்துக்கோங்க ப்ரோ.

---

மங்காவெறியன்

வெங்காயம் நறுக்கிட்டு இருந்தேன்.

---

புதுமுகம்07

ஒரு சந்தேகம். நான் பாத்தப்ப நீங்க சொல்ற அளவுக்குக் கோணல் முகம் எதுவும் இல்லையே? மீம்ல வர்ற ஷாட்டைத் தேடினேன், என்கிட்ட இருக்கறதுல அது நல்லாத்தான் இருக்கு.

---

சட்டகம்24

நீங்கள் பார்த்தது ப்ளூ-ரேக்காகத் திருத்தியதாக இருக்கும். 2014-இல் நெட்டில் ஓடியதற்கும் பிறகு டிஸ்க்கில் வந்ததற்கும் நிறைய வித்தியாசம். பல ஷாட்டுகளில் முகத்தைத் திரும்ப வரைந்தார்கள். நான் சொன்ன மஞ்சள் தாள் தாமதமாக விழுந்தது. ஆனால் டிஸ்க்குக்காகத் திருத்தும்போது கோட்டைத் திருத்தலாம், நேரத்தைத் திருத்த முடியாது. குரலும் இசையும் ஏற்கெனவே பூட்டியாகிவிட்டது. ஷாட் எத்தனை நொடி இருந்ததோ அத்தனை நொடிதான் இருக்கும். அதனால்தான் திருத்திய பிரதியைப் பார்த்த அரைநிலவுக்கும் அதே சலிப்பு.

தொடர்வதா வேண்டாமா என்று கேட்டால், என் யோசனை: இந்த 26-ஐ வேகமாகக் கடந்துவிட்டு மூன்றாம் சீசனுக்குப் போங்கள். 2016 ஏப்ரலில் வந்தது. இயக்குநர் சியாகி கோன், டிசைனுக்கு அகிரா தகஹாஷி. உருமாற்றத்தைக் கையால் வரைந்தார்கள். முகம் மறுபடி இழுபடுகிறது, கோணுகிறது, சிரிப்பு வருகிறது. மங்காவை விட்டு விலகவும் இல்லை. மங்காவெறியன் கட்சிக்கும் நம் கட்சிக்கும் ஒரே பந்தியில் சாப்பாடு. 2021-இல் வந்த 'எட்டர்னல்' படங்களையும் கோன்தான் இயக்கினார். டிசைனுக்குப் பழைய தடானோவையே திரும்ப அழைத்து வந்தார்கள்.

---

மங்காவெறியன்

மூணாம் சீசனுக்கு முழு ஆதரவு. அதுல புதுசா வர்ற ஹருகா உள்ளே நுழையற ஷாட்டுக்காகவே பாக்கலாம்.

---

ஸ்காபரோ_பிள்ளை

ஓம். மூண்டாம் சீசன் பாக்கேக்க தம்பி நித்திரை கொள்ளேல்ல. அதுதான் என்ர அளவுகோல்.

---

அரைநிலவு

ஒரு அப்டேட். நேத்து அக்கா பொண்ணு வந்திருந்தா, எட்டு வயசு. ஆராய்ச்சி பண்ணிடலாம்னு அவளுக்கு ரெண்டு முதல் எபிசோடையும் போட்டேன், பழசு முதல்ல, புதுசு அப்புறம். இங்க எழுதின எல்லாத்தையும் அவ நிரூபிப்பான்னு நம்பி, பக்கத்துல நோட்டுப் புத்தகம் மாதிரி உக்காந்திருந்தேன்.

பழசுல உசாகி அழும்போது விழுந்து விழுந்து சிரிச்சா, அதே மாதிரி வாயைத் திறந்து அழுது காட்டினா, அவங்க பாட்டி பதறிப்போய் ஓடிவந்தாங்க. எனக்குப் பெருமை தாங்கல. அப்புறம் கிரிஸ்டல். சத்தமே இல்லாமப் பாத்தா. மாமோரு வந்ததும் "சித்தி, இந்த அங்கிளுக்கு வேர்க்காதா?"ன்னு கேட்டா (பேனாக்கத்தி, உங்க வாரிசு கிடைச்சாச்சு). சிஜி உருமாற்றம் வந்துது. நான் மூச்சைப் பிடிச்சுட்டு அவ மூஞ்சியையே பாக்கறேன். "சூப்பரா இருக்கு சித்தி, பொம்மை மாதிரி. இன்னொரு வாட்டி போடு."

ஏழு வாட்டி போட்டேன். அதோட 'மூன் ப்ரைட்' பதினோரு வாட்டி. ரெண்டாவது எபிசோடும் பாத்தாச்சு, ஆமி வந்தாச்சு. மூணாவதுல ரேய் வருவாளாம், அதுவரைக்கும் நான் தனியாப் பாக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்கா.

---

மங்காவெறியன்

😌

---

ஸ்காபரோ_பிள்ளை

சனிக்கிழமை பாப்பியளோ? உங்கட பின்னேரம் ஏழு மணி எண்டால் எங்களுக்குக் காலமை ஒன்பதரை. நேரத்தைச் சொல்லுங்கோ, நானும் இஞ்சால போடுறன். தம்பியையும் கேக்கிறன், வந்தால் வரட்டும், போர்வையை ஒளிச்சு வைக்கிறன்.